ஜூன் எட்டாம் தேதிப் பக்கம்

மே 16, வியாழன்

மாடு பன்னிரண்டு, கன்று நான்கு. பொழுது சாயும் முன்பே எல்லாம் வேலிக் கடவைத் தாண்டி வந்துவிட்டன.

இந்த டைரி தீவனக் கடைக்காரர் கொடுத்தது. எந்த மாடு என்று சினையானது, என்று ஈன்றது என்று எழுதி வைக்கும்படி கால்நடை டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதைத்தான் எழுத உட்காருகிறேன். கூடவே ஊர்க் கதையும் வந்து ஒட்டிக்கொள்கிறது.

மாடு மேயும் கொறங்காட்டின் தென்மேற்கு மூலையில் கிளுவை வேலி காய்ந்து, ஒரு ஆடு நுழைகிற அளவுக்குப் பொத்தல் விழுந்திருக்கிறது. பன்னிரண்டு ஏக்கர் மேய்ச்சலுக்கும் அந்த முள்வேலிதான் காவல். அது இருக்கிற தைரியத்தில்தான் மாடுகளைக் கயிறில்லாமல் விட்டுவிட்டு நான் மற்ற வேலை பார்க்கிறேன். நாளைக்கு அடைக்க வேண்டும்.

தும்பைக்கு மூக்கின் மேல் இரண்டு கீறல். பொத்தலுக்குள் தலையை விட்டு முள்ளில் கிழித்துக்கொண்டிருப்பாள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டேன். தலைச்சன் சினை, நாலு மாதம். பிறந்த அன்றே என் மகள் பிரகதி மடியில் தூக்கி வைத்துப் பெயர் வைத்த கிடேரி. வளர்த்தவளைப் போலவே பிடிவாதம்.

மே 18, சனி

பக்கத்துக் காட்டுக் கருப்பணன் செம்மறிகளைப் பட்டியில் அடைத்துவிட்டு வந்தான். "சிகாமணியண்ணா, வியாழக்கெழம காத்தால ஒரு நாயி வாயெல்லாம் நொரையோட உங்க வேலியோரமா ஓடுச்சுங். மேக்காலூருல அடிச்சுப் போட்டுட்டாங்களாமா. உங்க காட்டுக்குள்ள கீது வந்துச்சுங்களா?"

வரவில்லை என்றேன். வந்திருந்தால் மாடுகள் மிரண்டிருக்கும், எனக்குத் தெரியாமல் போகாது. இருபத்தெட்டு வருடமாக மாட்டோடு இருக்கிறேன்.

பொத்தலை இன்றுதான் அடைத்தேன்.

மே 27, திங்கள்

பிரகதிக்கு நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. பதினொன்றாம் வகுப்பு. முதல் ஒரு மாதம் பெற்றோர் போய்ப் பார்க்கக்கூடாது. வியாழக்கிழமை மட்டும் ஐந்து நிமிடம் போன். ஜெயிலில்கூட மனு போட்டால் பார்க்க விடுவார்கள் என்றேன். என் மனைவி கலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளை எட்டாவதோடு நிறுத்தி மாடு மேய்க்க விட்டவர்கள் அவள் வீட்டார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. மகளுக்குப் பச்சைக் கண்ணாடி வளையல் ஒரு டஜன் வாங்கி வந்திருக்கிறாள்.

பிரகதிக்கு மாட்டு வேலை நன்றாக வரும். என்னைவிட நன்றாக வரும் என்று சொன்னால் கலாமணி அடிக்க வருவாள். இரண்டு வருடம் முன்பு ஒரு காளைக்கன்று கயிற்றோடு இழுத்துக்கொண்டு ஓடியதில் பிள்ளைக்கு மணிக்கட்டு முறிந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் கலாமணி என் கையைப் பிடித்துப் பிரகதியின் தலைமேல் வைத்து, "இனி இவளை மாட்டு வேலைக்குக் கூப்புட மாட்டேன்னு சொல்லுங்க" என்றாள். சொன்னேன். பிள்ளையின் தலையில் கை வைத்துச் சொன்ன சத்தியம் பொய்த்தால் அந்தத் தலைக்குத்தான் ஆகாது. அதனால் இரண்டு வருடமாக ஒரு தும்புக்கயிற்றைக்கூட அவளை எடுத்துவரச் சொன்னதில்லை.

ஜூன் 7, வெள்ளி

தும்பை காலையிலிருந்து கத்துகிறாள். குரல் கம்மியிருக்கிறது. சினை நிற்காமல் மறுபடியும் காளைக்குக் கத்துகிறாளோ என்று சந்தேகம். தீவனம் தொடவில்லை.

ஜூன் 8, சனி

தும்பையின் வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக ஒழுகுகிறது. தண்ணீர்த் தொட்டியில் வாயை வைக்கிறாள், விழுங்க முடியாமல் கழுத்தை நீட்டுகிறாள். மாங்கொட்டைதான். ரோட்டில் போகிறவர்கள் தின்றுவிட்டு வேலிக்குள் எறிகிறார்கள். சுற்றுவட்டாரத்தில் எந்த மாட்டுக்குத் தொண்டையில் அடைத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பனங்கொட்டை, பிளாஸ்டிக் பை, ஒரு தடவை குழந்தையின் செருப்புகூட எடுத்திருக்கிறேன். போன வருடம் கயிற்றில் மாட்டி வலது கட்டைவிரல் மடங்காமல் போனபிறகு கொஞ்சம் சிரமம்.

கை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. நல்லெண்ணெய் ஊற்றினேன், அப்படியே வெளியே வந்துவிட்டது.

பிரகதி தொட்டியடியில் வெகுநேரம் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். வைத்த மருதாணி போய்விடும் என்று கலாமணி சத்தம் போட்டாள்.

ஜூன் 9, ஞாயிறு

விடுதியில் விட்டுவிட்டு வந்தோம். கேட்டுக்குள் போகும்வரை பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தாள். வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு இடது கையை ஆட்டினாள். "சோத்துக் கையை ஆட்டறதுக்கென்ன" என்றாள் கலாமணி.

வீட்டுக்கு வந்தால் தும்பை பின்னங்கால் தள்ளாட நிற்கிறாள்.

ஜூன் 11, செவ்வாய்

தும்பை காலை ஏழு மணிக்குச் செத்துப்போனாள்.

நேற்று வந்து பார்த்துவிட்டுப் போன டாக்டரம்மா இன்று கையுறை, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு வந்தார். மூக்கில் இருந்த தழும்பைக் குனிந்து பார்த்தார். இது எப்போது வந்தது என்று கேட்டார். டைரியைப் பார்த்துச் சொன்னேன். அவர் நிமிரவே இல்லை. "இது முள்ளு இல்லைங்க. பல்லு" என்றார்.

வெறிநோய். நாய் கடித்து மூன்று வாரத்தில் மாட்டுக்கு வந்திருக்கிறது. எச்சில் ஒழுகுவதும் விழுங்க முடியாததும் தொண்டை அடைத்ததால் அல்ல. நோயே தொண்டையைத்தான் முதலில் பிடிக்குமாம். "மாட்டுக்காரங்க எல்லாரும் பண்ற தப்பு இதுதாங்க. ஏதோ சிக்கியிருக்குன்னு கையை விட்டுருவாங்க. அந்த எச்சில்லதான் எல்லாமே இருக்கு. வாய்க்குள்ள கை விட்டது யார் யாருங்க?"

கலாமணி பக்கத்தில் நின்றாள்.

"நான் மட்டுந்தாங்க" என்றேன்.

"கையில காயம் இருந்துச்சா?"

"இல்லீங்க."

மூளையில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்காகக் கால்நடைக் கல்லூரிக்கு அனுப்பினார். ஆள் உயரக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தோம். நான் போய் முதல் ஊசி போட்டுக்கொண்டேன். இன்னும் மூன்று இருக்கிறது. ஊசி போடாமல் விட்டு நோய் வந்துவிட்டால் மனுஷனைப் பிழைக்கவைக்க மருந்தே கிடையாது என்று நர்ஸம்மா சாதாரணமாகச் சொன்னார். அவருக்குத் தினமும் சொல்கிற வார்த்தை.

மாடு பதினொன்று, கன்று நான்கு.

ஜூன் 12, புதன்

ரிசல்ட் வரட்டும். டாக்டரம்மா சின்ன வயது, தப்பாகக்கூட இருக்கலாம். ரிசல்ட் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 13, வியாழன்

பிரகதி போன் பண்ணினாள். கலாமணி ஸ்பீக்கரில் போட்டாள். சாப்பாடு பரவாயில்லை, கணக்கு டீச்சர் வேகமாகப் போகிறார் என்றாள். அப்புறம் தும்பை எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள்.

நான் சொல்வதற்குள் கலாமணி சொல்லிவிட்டாள். "போயிருச்சு கண்ணு. வெறிநோயாமா. உங்கப்பா வாயில கையை விட்டுப்போட்டு இப்ப ஊசி போட்டுட்டு இருக்கறாரு. போடாட்டி உசுருக்கே ஆவத்தாமா. நீ பயந்துக்காத, அவரு கரெக்டாப் போட்டுக்குவாரு."

லைன் கட்டாகிவிட்டதோ என்று கலாமணி போனைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "சரிங்கம்மா" என்று மெதுவாகக் கேட்டது. "அப்பா, நீங்க ஊசி போட்டுக்கோங்கப்பா."

ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது.

அன்றைக்கு அந்த வாய்க்குள் போனது சின்னக் கை. எழுதிவிட்டேன். இதற்குமேல் கை ஓடவில்லை.

ஜூன் 14, வெள்ளி

இரண்டாவது ஊசி. திரும்பும்போது டாக்டரம்மா கூப்பிட்டார். ரிசல்ட் வந்துவிட்டது. வெறிநோயேதான்.

வண்டியை ஓரம் கட்டிப் புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போய்ச் சொன்னால் கலாமணி முகத்தில் முழிக்க முடியாது. சொல்லாவிட்டால் பிள்ளை. இந்த இரண்டையும் நான் அரை மணி நேரம் எடை போட்டுக்கொண்டிருந்தேன். அப்படி உட்கார்ந்திருந்தவனை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து ரிசல்ட்டை மட்டும் சொன்னேன்.

ஜூன் 15, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் கலாமணி கட்டுத்தறையைக் கூட்டிச் சுண்ணாம்புத்தூள் போட்டுக்கொண்டிருந்தாள். தும்பை நின்ற இடத்தில் குனிந்து எதையோ எடுத்தாள். பச்சை வளையல் துண்டு, ஒரு நகக்கண் அளவு.

"இதெப்படீங்க இங்க வந்துச்சு?"

நான் பால் கறந்துகொண்டிருந்தேன். மடியை விட்டுக் கை எடுக்கவில்லை. "போறன்னைக்குத் தும்பையைத் தடவிக் குடுத்துட்டுப் போனா. மூக்கணாங்கயித்துல பட்டு ஒடைஞ்சிருக்கும்."

அவள் நம்பினாள். நம்பியதோடு விடவில்லை. துண்டைத் துடைத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "அவளுக்குத் தும்பைமேல உசுரு. நீங்க மட்டும் தலையில கை வெச்சுச் சொல்லாம இருந்திருந்தா, அன்னைக்கு அவளத்தான் கையை உடச் சொல்லியிருப்பீங்க. கடவுளாத்தான் காப்பாத்துச்சு" என்றாள்.

பால் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். உட்கார்ந்தபடியே சொன்னேன்.

கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். சுண்ணாம்புக் கூடையை ஓரமாக வைத்தாள். கையை அலம்பினாள். உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு, கட்டியிருந்த சேலையோடு கடவைத் திறந்து பஸ் ரோட்டைப் பார்க்க நடக்க ஆரம்பித்தாள். வண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நிறுத்தினேன். ஏறிக்கொண்டாள். கருப்பணனிடம் மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நாமக்கல் வரை வண்டியிலேயே போனோம். வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "எத்தன நாளாச்சு?"

"ஏழு."

விடுதி கேட்டில் ஒரு மாதம் ஆகவில்லை என்று தடுத்தார்கள். கலாமணி அவர்களிடம் என்ன சொன்னாளோ, வார்டனம்மா ஓட்டமாகப் போய்ப் பிரகதியைக் கூட்டிவந்தார். பிள்ளை இளைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் என்னிடம்தான் வந்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"அம்மாவுக்குத் தெரியுங்களாப்பா?"

தெரியும் என்றேன். அவள் கையைத் திருப்பிப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே வளையல் கிழித்த கோடு, பக்கு உதிர்ந்து இளஞ்சிவப்பாக இருந்தது.

"அம்மா போன்ல சொன்னப்பவே தெரிஞ்சிருச்சுங்கப்பா. புஸ்தகத்துலயும் பாத்தேன். டெய்லி சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் இருக்கறேன்."

"வார்டன்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல கண்ணு?"

"சொன்னா அம்மாவக் கூப்புடுவாங்க. நீங்க சொல்லக்கூடாதுன்னீங்கல்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "அம்மாவுக்குத் தெரியாத வரைக்கும் சத்தியம் பொய்யாகாதுன்னு நெனச்சேங்கப்பா."

இரண்டு நாள் இதைத் தனியாக வைத்துக்கொண்டு கணக்குப் பாடம் படித்திருக்கிறாள். இதற்கு முன்னால் நான் செத்திருக்கலாம்.

பெரிய ஆஸ்பத்திரியில் கையில் ஒரு ஊசி, அந்தத் தழும்பைச் சுற்றி நாலைந்து ஊசி. வலி தாங்காமல் அம்மாவின் தோளைக் கடித்துக்கொண்டாள். "இப்பவாவது வந்தீங்களே" என்றார் டாக்டர். அதைச் சமாதானமாகச் சொன்னாரா, திட்டினாரா என்று தெரியவில்லை. தவணை தவறாமல் போட்டால் பயப்பட வேண்டியதில்லை, இருந்தாலும் கொஞ்ச நாள் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த 'இருந்தாலும்' என்கிற வார்த்தையோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

எனக்கு மூன்றாவது, பிரகதிக்கு இரண்டாவது. நாமக்கல்லிலேயே பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து போட்டுக்கொண்டோம். "யாருக்கு வலிச்சுதுன்னு சொல்லக்கூடாது" என்று பந்தயம் வைத்தாள். நான் தோற்றேன்.

ஜூன் 22, சனி

பிரகதிக்கு மூன்றாவது.

கலாமணி என்னிடம் நேராகப் பேசுவதில்லை. மாட்டைப் பார்த்துப் பேசுகிறாள். "ஏ மயிலை, சோறு எடுத்து வெச்சிருக்குதுன்னு சொல்லு." மயிலை அசைபோட்டுக்கொண்டு என்னைப் பார்க்கிறது. நான் போய்ச் சாப்பிடுகிறேன்.

ஜூன் 26, புதன்

காலை பத்து மணிக்கு விடுதியிலிருந்து போன். பிரகதிக்குக் காய்ச்சல், தொண்டை வலி, தண்ணீர்கூட இறங்கவில்லை என்கிறாள், வந்து கூட்டிப் போங்கள் என்றார் வார்டனம்மா. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். தண்ணீர் இறங்கவில்லை என்றால் எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது.

கலாமணி பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் கடவுக்குப் போய்விட்டாள். தும்பை தொட்டியில் வாயை வைத்துக் கழுத்தை நீட்டியது எனக்குக் கண்முன்னால் வந்துகொண்டே இருந்தது. எந்த வழியாக, எப்படிப் போனோம் என்று எழுதத் தெரியவில்லை.

நோயாளி அறையில் போர்த்திப் படுத்திருந்தாள். நெற்றி கொதித்தது. நான் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். அவசரத்தில் பாதி போர்வையில் கொட்டியது.

"குடி கண்ணு."

"வலிக்குதுங்கப்பா."

"ஒரு வாய் குடி."

எழுந்து உட்கார்ந்தாள். சொம்பை வாங்கினாள். நானும் கலாமணியும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். முகத்தைச் சுளித்தாள். விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு வாய். சொம்பு காலியாகும்வரை ஒன்று விடாமல் எண்ணினேன். பதினொன்று.

"டான்சில்தான். அறையில நாலு பேருக்கு இருக்கு" என்றார் வந்து பார்த்த டாக்டர். சொல்லிவிட்டு, அப்பா இப்படி அழுவதற்கு இதில் ஒன்றும் இல்லையே என்றார். அப்போதுதான் அழுகிறேன் என்று தெரிந்தது.

ஜூலை 9, செவ்வாய்

எனக்குக் கடைசி ஊசி. மயிலை கன்று போட்டது. கிடேரி. சிவப்பாகத்தான் பிறந்திருக்கிறது, ஆறு மாதத்தில் வெளுத்துவிடும். பெயர் வைக்கவில்லை.

ஜூலை 13, சனி

பிரகதிக்குக் கடைசி ஊசி. மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். எனக்கு மனது நிறைந்து வந்தது. கலாமணியிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. "இனிமேல் ஒருநாளும்..." என்று ஆரம்பித்து, பழக்கதோஷத்தில் கையைப் பிரகதியின் தலைப் பக்கம் கொண்டுபோனேன்.

பிள்ளை ஒரு அடி பின்னால் போனாள். தெரிந்துதான் போனாளா, பஸ்ஸுக்கு வழிவிடப் போனாளா, தெரியவில்லை. கையை இறக்கிக்கொண்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

மாட்டைத் திறந்துவிட்டு வந்தால், கலாமணி இந்த டைரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எட்டாவது வரை படித்தவள், விரலை ஓட்டி ஓட்டி முழுவதையும் படித்துவிட்டாள். ஒரு மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"ஏனுங்க, எட்டாந்தேதியில நீங்க கையை உட்ட மாதிரியே இருக்குதுங்களே."

கையிலிருந்த தும்புக்கயிற்றைத் திண்ணையில் வைத்தேன்.

"எங்கிட்டச் சொன்னது ஒரு பொய்யி. டாக்டரம்மாகிட்டச் சொன்னது ஒண்ணு. ஆரும் பாக்காத நோட்டுல எதுக்குங்க பொய்யி? இனி எனக்குச் சத்தியமெல்லாம் ஒண்ணும் வேண்டாம். அந்தப் பக்கத்தை நடந்தது நடந்தபடி எழுதி வைங்க. ஒரு நாளைக்கு அவ எடுத்துப் படிச்சா, அதுல அவ இருக்கோணும்."

பேனாவைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 8, சனி (திருத்தி எழுதியது)

தும்பையின் வாய்க்குள் கை விட்டது நான் அல்ல. பிரகதி.

கலாமணி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பிரகதி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான்தான் போய்க் கூப்பிட்டேன். "அம்மிணி, சித்த வா. தும்பைக்குத் தொண்டைல அடைச்சுப்போச்சு. சின்ன வாயி, எங்கையி நொழையாது."

"அம்மா..." என்றாள்.

"அம்மா வர ஒரு மணி நேரமாகும்" என்றேன்.

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். இரண்டு வருடமாக அவளை நான் எதற்கும் கூப்பிட்டதில்லை. வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள்.

நான் தாடையைப் பிடித்துத் திறந்து நாக்கை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டேன். "பயப்படாதடி தும்பை, நாந்தான்" என்று சொல்லிக்கொண்டே பிரகதி கையை விட்டாள். ஏறியிருந்த வளையல் ஒன்று வழுக்கி இறங்கிப் பல்லில் பட்டு உடைந்தது. "ஒண்ணுமில்லீங்கப்பா. கொட்டையெல்லாம் இல்லை" என்றாள்.

"நல்லாப் பாரு" என்றேன்.

மறுபடியும் விட்டாள். இந்தத் தடவை முழங்கை வரை.

கை வெளியே வந்தபோது எச்சிலோடு இரத்தமும் இருந்தது. வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை. ரோட்டுப் பக்கம் திரும்பிக் கலாமணி வருகிறாளா என்று பார்த்தேன். "சோப்புப் போட்டுக் கழுவிக்க. அம்மாகிட்டச் சொல்லாத" என்றேன்.

"சரிங்கப்பா" என்றாள்.